மூன்றாவது தட்டு

டெல்மர் ஸ்டிடம் என்பவர் பொய்யே சொல்லாதவர் என்று அவருடைய சர்ச்சில் சொல்வார்கள். சர்ச்சுக்காரர்களுக்கு என்ன தெரியும்? பத்தொன்பது வருடம் மல்யுத்த நடுவராக இருந்தவர் வாரத்துக்குப் பத்துப் பொய்யாவது சொல்லாமல் பிழைத்திருக்க முடியாது. ஒருவன் மற்றவன் கண்ணில் உப்பை எறியும் சமயம் பார்த்து அவர் வேறு பக்கம் திரும்பி, முன்வரிசையில் கத்துகிற யாரோடாவது வாயாடிக்கொண்டிருப்பார். அது தொழில். அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. அவர் வருந்தியது ஒரே ஒரு பொய்க்கு, அதுவும் வாயால் சொல்லாத பொய்க்கு.

வார நாட்களில் அவர் ரொட்டி வண்டி ஓட்டினார். நார்ட்டனில் ஏற்றி, மலைச் சாலையோரக் கடைகளில் எல்லாம் இறக்கிவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். சனிக்கிழமையானால் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வர்ஜில் டாக்கெட்டின் மல்யுத்தக் கூட்டத்தோடு கிளம்பிவிடுவார். பள்ளி ஜிம், கண்காட்சித் திடல், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே.

டாக்கெட்டின் சொத்து என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது: கிளிஞ்ச் பள்ளத்தாக்கு ஹெவிவெயிட் பட்டம். 1961இல் அவர் ஒரு சேணக்காரரிடம் தோல் பெல்ட் ஒன்று செய்து வாங்கி, முதல் சாம்பியன் அதை புவெனஸ் அயர்ஸில் நடந்த பெரிய போட்டியில் வென்று வந்தான் என்று மைக்கில் அறிவித்தார். அந்த சாம்பியன் டென்னசி எல்லையைத் தாண்டியதே இல்லை என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை. நான்காவது சாம்பியன் பெல்ட்டோடு அலபாமாவுக்கு ஓடிப்போனான். டாக்கெட் அசரவில்லை. புதிதாக ஒன்று செய்துகொண்டு, பழையதை மெருகு போட அனுப்பி வாங்கியதாகச் சொல்லிவிட்டார். இப்படித்தான் பத்துப் பேர் கைமாறி பதினோராவதாக அது லோனி ராட்லிஃபிடம் வந்தது.

லோனி நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். யார் ஜெயிப்பது என்று டாக்கெட்தான் முன்கூட்டியே முடிவு செய்கிறார் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அந்த பெல்ட்டை நிஜமாகவே சண்டை போட்டு வாங்கியவன் போலத்தான் வைத்திருந்தான். லாரியின் பக்கத்து சீட்டில் அதை உட்கார வைத்துக்கொண்டு போவான்.

கீழே கிடப்பவனின் தோள் தரையில் பட்டிருக்க நடுவர் கையால் தரையை மூன்று தடவை தட்டிவிட்டால் அவன் தோற்றான். முடிவுகள் எல்லாம் பேசி வைத்தவை என்றாலும் இதில் நடுவருக்கு ஒரு சட்டம் உண்டு. அதை டெல்மருக்குச் சொல்லிக்கொடுத்தவரே டாக்கெட்தான்.

"தோள் தரையில இருந்தா மூணு தட்டு. நான் என்ன சொல்லியிருந்தாலும் சரி, தட்டிடு. எழுந்திரிக்க வேண்டியவன் எழுந்திரிக்கலன்னா ஒண்ணு மறந்துட்டான், இல்ல அடிபட்டுட்டான். ரெண்டுல எதுன்னாலும் ஆட்டம் அங்கயே முடியணும், புரியுதா?"

டெல்மருக்குப் புரிந்தது. பதினேழு வருடம் அப்படியே நடந்துகொண்டார்.

1987 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம், கண்காட்சித் திடலில், தகரக் கொட்டகைக்குள் நல்ல வெக்கை. லோனிக்கு எதிராக கர்ட்டிஸ் பாக்ஸ். அடுத்த மாதம் பிரிஸ்டலில் லோனி பெரிய பெயருள்ள ஒருவனோடு மோதுவதாகச் சுவரொட்டிகூட அடித்தாகிவிட்டது. அதனால் டாக்கெட் அன்று டெல்மரைத் தனியாகக் கூப்பிட்டு, "பெல்ட்டு லோனி இடுப்புலதான் வெளிய வரணும். வானமே இடிஞ்சாலும் சரி" என்றார். பழைய சட்டத்துக்கும் புது உத்தரவுக்கும் இடையில் ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று டெல்மர் அப்போது நினைக்கவில்லை. நினைத்திருக்கலாம்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கர்ட்டிஸ் லோனியைத் தலைக்கு மேல் தூக்கி முதுகு தரையில் படும்படி போட்டான். நூறு தடவை செய்ததுதான். இந்தத் தடவை வியர்வையில் கை வழுக்கி, லோனி கழுத்தும் தோளுமாக விழுந்தான். கர்ட்டிஸ் அதைக் கவனிக்கவில்லை. மேலே படுத்தான். டெல்மர் தரையில் விழுந்து தட்டினார். ஒன்று. இரண்டு. இங்கே லோனி தோளைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை.

டெல்மரின் கை மேலே இருந்தது. லோனியின் கண்கள் திறந்திருந்தன, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத மாதிரி விழித்துக்கொண்டிருந்தன. டெல்மருக்குச் சுவரொட்டி ஞாபகம் வந்தது, டாக்கெட்டின் முகம் ஞாபகம் வந்தது. கை இறங்கியது, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவர் எழுந்து கூட்டத்துக்கு இரண்டு விரலைக் காட்டினார். தோளைத் தூக்கிவிட்டானாம். கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது.

நடுவர் இரண்டு என்றால் எதிராளி நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். கர்ட்டிஸ் அந்த இரண்டு விரலை நம்பினான். பேசி வைத்தபடி லோனியை மறுபடி தூக்கினான், மறுபடி போட்டான். இரண்டாவது தடவை விழுந்ததில்தான் முதுகுத்தண்டு போனது என்று டாக்டர் சொன்னார். லோனி அதற்குப் பிறகு நடக்கவில்லை.

டாக்கெட் ஒரு மாதம் காத்திருந்துவிட்டு பட்டம் காலி என்று அறிவித்தார். கர்ட்டிஸ் மல்யுத்தத்தை விட்டுவிட்டு ஒஹாயோவில் டயர் ஆலைக்குப் போய்விட்டான். டெல்மர் இன்னும் இரண்டு வருடம் சட்டையை மாட்டினார். தோள் தரையைத் தொட்டதுமே மூன்றையும் படபடவென்று தட்டிவிடுவார். "அடுப்புல எதையோ வச்சிட்டு வந்திருக்கான்யா" என்று பையன்கள் கேலி செய்தார்கள். பிறகு அதையும் விட்டார். வியாழக்கிழமைகளில் மட்டும் லோனி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு ரொட்டி இறக்குவார். பதினான்கு வருடத்தில் அந்த மதியத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோழை என்று டெல்மரை நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டிய வேலையை அவரே தினமும் கண்ணாடி முன் நின்று செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆர்லீன் கெக்லி வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளிஞ்ச் பள்ளத்தாக்குப் பட்டத்தின் முழு வரலாற்றையும் தொகுத்துக்கொண்டிருந்தார். யார், எப்போது, யாரிடம் வென்றார், எத்தனை நாள் வைத்திருந்தார் என்று எல்லாம் தட்டச்சு செய்து கையில் இருந்தது. டெல்மரின் சமையலறை மேஜையில் அதை விரித்தார்.

"நேராவே கேக்குறேன் டெல்மர். அன்னைக்கி முன்வரிசையில இருந்த ரெண்டு பேரு, லோனி தோளைத் தூக்கவே இல்லன்னு சத்தியம் பண்றாங்க. அப்படின்னா கர்ட்டிஸ்தான் பன்னெண்டாவது சாம்பியன். நான் பேரைச் சேர்க்கணும்."

"வீடியோ இருக்குமே."

"இருக்கு. உங்க முதுகு மறைக்குது. பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்."

டெல்மர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடவே இல்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றார்.

வியாழக்கிழமை ரொட்டியோடு உள்ளே போனார். இந்த முறை வாசலிலிருந்தே திரும்பக் கூடாது என்ற முடிவோடு போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். லோனி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். அவன் மனைவி வெர்னா அடுப்பில் அவரைக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருய்யா. அந்தத் தபாலாபீஸ் அம்மா இங்கயும் வந்துச்சு" என்றான் லோனி. "நான் தூக்குனேன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் அதான சொல்லிட்டு இருக்கேன். ஆனா நெசத்தைச் சொல்லணும்னா எனக்கு ஞாபகமே இல்ல டெல்மர். விழுந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணுமே இல்ல. நீ பார்த்தியே. தூக்குனேனா?"

டெல்மர் அவன் முகத்தைப் பார்த்தார். தோற்காத சாம்பியன் என்று பதினான்கு வருடம் ஊருக்குச் சொல்லி வந்த முகம். இவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதானே, அதையும் பிடுங்கிக்கொண்டு போகவா வந்தேன் என்று தோன்றியது. ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு வேறு சொன்னார்.

"தூக்குன லோனி. நல்லாவே தூக்குன."

லோனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப நானாத்தான் கெடுத்துக்கிட்டேன்" என்றான். "பேசாம கிடந்திருந்தா நீ மூணு தட்டியிருப்ப, ஆட்டம் முடிஞ்சிருக்கும். நான் நடந்துட்டு இருப்பேன். ஒரு தோல் பட்டைக்கு ஆசைப்பட்டு எந்திரிச்சிருக்கேன் பாரு. நீ இல்லன்னு சொல்லமாட்டியான்னு இத்தன வருஷமா வேண்டிக்கிட்டு இருந்தேன்யா."

டெல்மர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இல்ல" என்றார். "லோனி, நான் பொய் சொன்னேன். நீ தூக்கல. உன்னால முடியல. நான்தான் கையை நிறுத்துனேன். டாக்கெட்டுக்குப் பயந்து நிறுத்துனேன். தப்பு என்மேல."

லோனி திரும்பி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. ஒரு நண்பனிடம் காட்டும் பரிவு இருந்தது. அதைத்தான் டெல்மரால் தாங்க முடியவில்லை.

"நல்ல மனுஷன்யா நீ" என்றான் லோனி. "எனக்காக உன் தலையில தூக்கிப் போட்டுக்கப் பாக்குற. வேணாம்."

"சத்தியமா சொல்றேன்."

"மொதல்ல கேட்டப்ப என்ன சொன்ன? யோசிக்காம வந்ததுதான் நெசம். விடு." அவன் அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தான். "வெர்னா, டெல்மருக்கும் ஒரு தட்டு வையி. மனுஷன் மொகமே சரியில்ல."

அவன் தூக்கவில்லை என்று டெல்மர் மறுபடியும் சொன்னார். வெர்னா தட்டை அவர் முன்னால் வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.