தலையணை மேல் சிரசாசனம்

மூன்று மாதமாக அந்த டீச்சர் என்னைச் சுவரை விட்டு நகர விடவில்லை. காளவாசலில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் யோகா வகுப்பு. நாலாக மடித்த ஜமுக்காளத்தில் தலை, முழங்கைகள் விலகாமல் ஒரு பட்டை, முதுகுக்குப் பின்னால் சுவர், காலுக்கு ஒரு நாற்காலி. அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். தினமும் அதே பேச்சுதான்.

"அக்கா, பாரம் தோள்ல நிக்கணும். உங்களுக்கு இன்னும் கழுத்துல இறங்குது. அவசரப்படாதீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்குப் பிறகு சேர்ந்தவர்களெல்லாம் தலைகீழாக நிற்க, நான் மட்டும் நாற்காலியில் காலை வைத்துக்கொண்டு கிடந்தேன். கோரிப்பாளையத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. அங்கே கூட வேலை பார்க்கும் பெண் தினமும் கேட்பாள், "என்னக்கா, இன்னைக்கும் செவுத்தோடதானா?" சிரித்து வைப்பேன். உள்ளே பற்றி எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று தோன்றியது. ஜமுக்காளம் துவைத்து மொட்டைமாடியில் ஈரமாகக் கிடந்தது. கட்டிலிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் போட்டேன். ஜமுக்காளத்தைவிட இது தலைக்கு மெத்தென்று இருக்குமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

கால் ஏறிவிட்டது. சுவர் இல்லை, பிடிக்க ஆள் இல்லை. இரண்டு மூச்சு நின்றிருப்பேன், மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். அதற்குள் பஞ்சு ஒரு பக்கமாக அமுங்கியது. கழுத்து மடங்க, தடாலென்று பக்கவாட்டில் விழுந்தேன். வீட்டுக்காரர் வந்து, "என்ன, கழுத்தத் திருப்பவே மாட்டேங்குற?" என்று கேட்டார். "தூக்கத்துல பிடிச்சிருச்சு" என்றேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பொய் மட்டும் உடனே வந்தது.

மறுநாள் லேபில் உட்கார்ந்தபோது வலது ஆள்காட்டி விரல் மரத்திருந்தது. ரத்தம் எடுப்பவர்களுக்குக் கண்ணைவிட அந்த விரல்தான் முக்கியம். தோலுக்கு அடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று அதுதான் சொல்லும். பதினெட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவது அந்த விரல். இளவட்டங்கள் வந்தவரை நரம்பு கண்ணுக்கே தெரிந்தது, சமாளித்தேன். பிறகு வயதான பாய் வீட்டம்மா ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். மெலிந்த கை. தடவித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. குத்துமதிப்பாக ஊசியைப் போட்டேன். ரத்தம் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. குத்திய இடம் நீலமாகப் புடைத்தது.

"என் நரம்பே இப்படித்தாம்மா, யாருக்கும் சிக்காது. நீ வெசனப்படாத" என்று அவர் என்னைத் தேற்றினார்.

வெட்கத்தில் செத்துவிட்டேன். "உங்க கை நல்லாத்தாம்மா இருக்கு. என் கைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து, பக்கத்துப் பெண்ணை என் இடத்தில் உட்கார வைத்தேன். அவள் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

சாயங்காலம் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வகுப்புக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"எது மேல தலைய வச்சீங்க?"

"தலையணைல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மெத்துன்னு இருந்தா தலை புதைஞ்சு கழுத்து மடங்கிரும்க்கா. அதுக்குத்தான கெட்டியா மடிச்சுப் போடுறேன். நாளைக்கு மொத வேலையா டாக்டர்ட்ட போவோம், நானும் வாரேன்."

பிறகு என் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கண்ண மூடுங்க. ஒவ்வொரு விரலா தொடுறேன், எதுன்னு சொல்லுங்க."

சுண்டுவிரல் என்றேன். மோதிரவிரல் என்றேன். நடுவிரலைக் கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். அதோடு அவள் நிறுத்திவிட்டாள். கீழே ரோட்டில் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் காத்திருந்தேன்.

"அடுத்தத தொடுங்க டீச்சர்."

"தொட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."