வாசல் மேஜையில் ஆவுடையக்கா

ஆவுடையக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் மேலநீலிதநல்லூர் பஸ் நிறுத்தத்தில் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். போன் செய்தது எங்களைப் போலவே இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் ஒருவர். "செல்வி, நம்ம ஆவுடையக்கா தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்காம்" என்றார். "பின்ன என்ன, கடை கடையா ஏறித் தின்னா ஒடம்பு தாங்குமா?" என்று அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். சாவைச் சொன்ன வாயாலேயே தீர்ப்பும் சொல்லியாயிற்று. நான் போனை வைத்துவிட்டு, மிச்சக் காபியைக் குடித்து முடித்துத்தான் பஸ் ஏறினேன். பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பவர்களை அக்காவுக்குப் பிடிக்காது.

சங்கரன்கோவிலில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள்ளும் அதே பேச்சுதான். ஒரு வரிசையில், கடைச் சாப்பாடுதான் அவரைக் கொன்றது என்றார்கள். இன்னொரு வரிசையில், செத்தவரை நல்லவராக்கிவிடும் அவசரத்தில், "அந்தப் புள்ள வெளிய பச்சத் தண்ணி குடிச்சிருக்குமா?" என்று ஒரு பெரியவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இந்த இரண்டு பேச்சையும் என்னால் பொறுக்க முடியவில்லை. அக்காவை அறிந்த ஏஜென்டுகளே, பாலிசிதாரர்களே, கடைக்காரர்களே, உங்களுக்குத் தெரியும். அவர் கடையில் சாப்பிட்டார். ருசித்து, கேட்டு வாங்கி, சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். அதை மறைத்து எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதும் அஞ்சலி.

சின்ன வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் ஆவுடையம்மாள். அங்கே அப்பாவும் தம்பி கணபதியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டே இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நானும் அதே வேலைக்கு வந்தேன். ராயகிரி, சிவகிரி என்று ஒன்றாகவே பஸ் ஏறுவோம். நான் டப்பாவில் தயிர்ச்சோறு கொண்டுபோவேன். அவர் காலையில் வீட்டுக்கு மூன்று வேளைக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டு, தனக்கென்று ஒரு டப்பா கட்டாமல் வருவார். ஏன் என்று கேட்டதற்கு, "நாம காலையிலருந்து பேசுறது பூராவும் சாவைப் பத்தி. நீங்க போனா இவ்வளவு, கை கால் போனா இவ்வளவுன்னு. மத்தியானம் ஒரு நேரமாவது உசுரோட இருக்கிறவ மாதிரி சாப்பிடணும்ட்டீ" என்றார். அதற்குப் பிறகு என் டப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிரியாணிக்குப் பேர்போன ஊர் எங்கள் சங்கரன்கோவில். வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அக்கா அந்த வரிசையில் நிற்க மாட்டார். அவர் எல்லோருக்கும் கைகாட்டியது பஸ் நிலையத்துக்குப் பின்னால் போர்டு மங்கிப்போன ஒரு பரோட்டாக் கடையைத்தான். முதல் தடவை நாங்கள் உள்ளே நுழைந்ததும் சப்ளையர், "லேடீஸா? உள்ள ஃபேமிலி ரூம் இருக்குக்கா" என்று வழிகாட்டினார். பெண் என்றால் உள்ளே அனுப்புவதுதான் எங்கள் பக்கத்துக் கடைகளில் மரியாதை. அக்கா போய் எட்டிப் பார்த்தார். கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு பிளைவுட் தடுப்பு, ஃபேன் கிடையாது, பெஞ்சில் பாதியை வெங்காய மூட்டை பிடித்திருந்தது. திரும்பி வந்து, வாசலை ஒட்டி, பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள வேற பரோட்டாவா போடுதீக தம்பி?"

"இல்லக்கா, அதேதான்."

"அப்ப இங்கனயே வைங்க."

கடையே எங்களைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. இலையைப் பார்த்தபடியே தின்றுகொண்டிருந்தேன். "ஏட்டி, தலையத் தூக்கித் தின்னு. என்ன, களவாண்டா திங்க?" என்றார் அக்கா, பரோட்டா அடிப்பவர் காதிலும் விழும்படி. பரோட்டா சாப்பிடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி, உடனே கை வைக்காமல் கொஞ்சம் ஊறவிட வேண்டும். ஊறுகிற நேரத்துக்கு ஒரு கலக்கி. முட்டை வெந்தும் வேகாமலும் இருக்கும்போதே கல்லிலிருந்து வழித்து இலையில் போட்டு, அது ஆறுவதற்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். பரோட்டாவை எத்தனையோ பேருக்குப் பார்சல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கலக்கியை மட்டும் கட்டித் தரச் சொல்ல மாட்டார். "ஆறுன கலக்கிக்கு மரியாதை கெடையாது. வேணுங்கிறவ கடைக்கு வரட்டும்" என்பார்.

சிவகிரியில் ஒரு டீக்கடை. இஞ்சியைத் தட்டிப்போட்டு அவர்கள் போடும் டீக்காக அக்கா பஸ்ஸைத் தவறவிட்டதும் உண்டு. அங்கே ஒருநாள் ரோட்டில் நின்று கிளாஸைப் பிடித்து நாங்கள் குடித்துக்கொண்டிருந்ததை, அன்று பாலிசி போடுவதாகச் சொல்லியிருந்த தோட்ட முதலாளி ஒருவர், தானும் அங்கே நின்று டீ குடித்தபடியே பார்த்துவிட்டார். அவர் வீட்டுக்குப் போனபோது திண்டில் சாய்ந்தபடியே, "ரோட்டுல நின்னு டீ குடிக்கிற பொம்பளய நம்பிப் பணம் கட்டச் சொல்லுதியளோ?" என்றார். அக்கா பையை மூடினார். "நீங்களும் ரோட்டுலதான் நின்னு குடிச்சீங்க அண்ணாச்சி. ஒங்கள நம்பித்தான நாங்க இவ்வளவு தூரம் வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த மாதம் அவருக்கு வேறு பாலிசி அமையவில்லை. ஆனாலும் திரும்பும் வழியில் அதே கடையில் அதே இடத்தில் நின்று இன்னொரு டீ சொன்னார்.

அவரை வாயைக் கட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போட்டார், என்னைவிட வேகமாக நடந்தார். கடைக்காரர்களும் அவரிடம் லேசில் தப்ப முடியாது. ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதிய ஒருநாள், அவர் பேச்சை நம்பி எங்கள் ஏஜென்டுகள் எல்லோரும் அந்தப் பரோட்டாக் கடைக்குப் போய்விட்டோம். சால்னா தண்ணீராக ஓடியது. எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள். அவர் முதலாளியைக் கூப்பிட்டு, "இதுல மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம் போலிருக்கே அண்ணாச்சி" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "திருவிழா அன்னைக்கு எந்தக் கடையும் தன் கையால சமைக்காது. தபசு முடிஞ்சு வந்து பேசுங்க" என்று தன் கடைக்கு வக்காலத்தும் வாங்கினார். ராயகிரியில் ஒரு வீட்டையே மெஸ்ஸாக நடத்தும் அம்மாவிடம் கருவாட்டுக் குழம்பு சாப்பிடச் சொல்லி அனுப்புவார். கோடையில் சர்பத் என்றால் எலுமிச்சையை நம் கண்ணெதிரே பிழிகிற கடைக்குத்தான் போக வேண்டும் என்பார். அவர் பிடித்துக்கொடுத்த பாலிசிகளை மறந்தவர்கள்கூட இந்தக் கடைகளை மறக்கவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது கடையில் என்று ஒருமுறை நான் கேட்டேன். வீட்டில் அவர் வைக்கும் குழம்புக்கு அந்தக் கடைகள் கிட்டே வர முடியாது. "கடையில உக்காந்த ஒடனே எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, என்னக்கா வேணும்னு கேக்கான் பாரு. அடுப்படியில இத்தன வருசமா நிக்கேன். எங்கிட்ட யாருட்டீ என்ன வேணும்னு கேட்டா?" என்றார். அன்றுதான் அவர் குரல் உடைந்து கேட்டேன்.

பதினாறாம் நாள் வந்தது. காலையில் சடங்கு முடிந்து, சாயங்காலம் கறி சமைத்து இலை போட்டுப் படைப்பார்கள். இறந்தவர் ஆசையாகச் சாப்பிட்டதை அந்த இலையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அந்தக் கடையிலிருந்து பரோட்டாவும், தூக்குவாளியில் சால்னாவும் வாங்கிக்கொண்டு போனேன். அக்காவுக்கு நான் கேட்டதெல்லாம் அந்த இலையில் ஒரு ஓரம்தான். அவர் எப்படி இருந்தாரோ அப்படியே அந்த வீடு அவரை வழியனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். கணபதி அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார்.

"கடைச் சாப்பாட்டயா படையல்ல வைக்கச் சொல்லுதீங்க? ஊர்ல நாலு பேரு என்ன பேசுவான்? அவளக் கொன்னதே இதுதான."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அண்ணாச்சி, ஒங்கப்பாவுக்கு இதே எடத்துல படையல் போட்டப்ப எலையில என்ன வச்சீங்க?" என்று கேட்டேன்.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு பிராந்தி பாட்டிலும் சுருட்டுக் கட்டும். அவர் விரும்பியதாயிற்றே என்று கணபதி அண்ணாச்சிதான் தன் கையால் மூடியைத் திறந்து வைத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"ஒங்கப்பா கடைச் சாப்பாட்டத் தொட்டதே இல்ல. கடைசி வரைக்கும் அக்கா பொங்குன சோறுதான். அவரும் இதே ஹார்ட் அட்டாக்லதான போனாரு? வீட்டுச் சோறு கொன்னுச்சுன்னு அன்னைக்கு யாராவது சொன்னீங்களா? அவருக்குப் பிராந்தி படைக்கலாம், அக்காவுக்குப் பரோட்டா ஆகாதோ?"

பந்தலில் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிய அதே பெரியவர், "ஆம்பள சமாச்சாரம் வேற தாயி" என்று ஆரம்பித்தார். "வேறதான். அதுக்குத்தான் கேக்கேன்" என்றேன். கணபதி அண்ணாச்சி வெளியே போய்விட்டார். சரி, பார்சலோடு திரும்ப வேண்டியதுதான் என்று நான் நினைத்தபோது, அவர் மனைவி லட்சுமி வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். இலை முன்னால் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துப்போட்டார். சால்னாவை ஊற்றினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் ஊறணும்" என்றார்.

ஒங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மதினி வேலை முடிஞ்சு வரும்போது எனக்கு வாங்கிட்டு வருவாங்க. ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து திம்போம். கடைக்கு வாட்டின்னு எத்தனையோ மட்டம் கூப்பிட்டாங்க, நான்தான் போகல" என்று சொல்லி அழுதார். திரும்பி வந்த கணபதி அண்ணாச்சி இலையைப் பார்த்தார். பரோட்டாவை எடுக்கச் சொல்லவில்லை. சூடம் ஏற்றினார்.

அடுத்த வாரம் லட்சுமியிடமிருந்து போன் வந்தது. "நீங்க போற கடைக்கு நானும் வாரேன்" என்றார். போனோம். நான் முன்னால் போய் வாசல் மேஜையில் உட்கார்ந்தேன். அவர் பெண்களுக்கு உள்ளேதான் இடம் என்ற நினைப்பில் நேரே நடந்தார். நான் கூப்பிடவில்லை. தடுப்புவரை போனவர் அந்த வெங்காய மூட்டையைப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்து, ரோட்டைப் பார்த்திருக்கும் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். சப்ளையர் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"என்னக்கா வேணும்?"

லட்சுமி என்னைப் பார்த்தார். "என்னய ஏன் பாக்கீங்க? ஒங்களத்தான கேக்காரு" என்றேன். இலையில் தெளித்த தண்ணீரை விரலால் தள்ளிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். சப்ளையர் அவசரப்படுத்தவில்லை.

ஆவுடையக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். இப்போது என் வீட்டில் அதை நான் கேட்கிறேன், என்னிடமும் கேட்கச் சொல்கிறேன். கடைச் சாப்பாட்டால் செத்தார் என்று இனியும் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அன்று லட்சுமி தலையைத் தூக்கி, பரோட்டா அடிப்பவருக்கும் கேட்கும்படி சொன்னது என் காதில் இருக்கிறது.

"கலக்கி ஒண்ணு. சூடா."