பெட்டி முதலில் கிளம்பியது

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம்தான் என்று மாப்பிள்ளை என்னைத் தேற்றினார். மகளுக்குத் தலைப்பிரசவம். நான் போய்ச் சேருவதற்குள் வலி வந்துவிடுமோ என்று ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

டிக்கெட் கிடைத்ததோ செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாயன்று வீட்டைவிட்டுக் கிளம்ப எனக்கு மனசு வராது. எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழி உண்டு. முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை எதிர்வீட்டில் வைத்துவிட்டேன்.

"பெட்டி கிளம்பிடுச்சு, நீதான் பாக்கி" என்றார் என் வீட்டுக்காரர். கேலி செய்வதற்கென்றே பிறந்த மனிதர்.

செவ்வாய் காலை கார் வந்தது. எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த வீட்டு அக்கா பேராவூரணிக்குப் போயிருந்தார். அந்த வீட்டு அண்ணன் நெல் கொள்முதல் நிலையத்தில், குவித்த நெல்லுக்குக் காவலாக இருந்தார். சாவி அவர் இடுப்பில். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போகலாமென்றால் பாஸ்போர்ட் அதற்குள். பத்திரமாக இருக்கட்டுமென்று நானேதான் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே. விமான நிலையம் மேற்கே. கொள்முதல் நிலையமோ இன்னும் கிழக்கே. காரை அங்கே விடச் சொன்னேன். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, கார் ஊர்ந்தது.

"கொஞ்சம் வேகமாப் போங்க தம்பி."

"நெல்லு மேல ஏத்தச் சொல்றீங்களாம்மா?"



கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல். போன் கேட்காததில் வியப்பில்லை. அண்ணனின் முறை அப்போதுதான் வந்திருந்தது, அவர் மூட்டை தராசில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. மகள்.

"அம்மா, வலி வந்துடுச்சும்மா. எங்க வந்துக்கிட்டிருக்க?"

"செங்கிப்பட்டி தாண்டிட்டேன்டி" என்றேன். செங்கிப்பட்டி, தஞ்சாவூரைத் தாண்டித் திருச்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது.

"என்னம்மா சத்தம்?"

"லாரி."

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் மூட்டையைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்து காரில் ஏறினார்.

கடைசி ஆளாக விமானத்தில் ஏறினேன். நாலு மணி நேரமாம், நாலு மணி நேரம்! ரோட்டிலாவது டிரைவரை அவசரப்படுத்தலாம், மேலே யாரை விரட்டுவது? ஜன்னலில் ஒரே வெள்ளை. நகர்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. பயத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். மகள் வாடிப்போய்ப் படுத்திருந்தாள். தலையைக் கோதினேன்.

"நீ செங்கிப்பட்டின்னு சொன்னியா, அங்கேருந்து நானும் உன்கூடவே வந்தேம்மா. வலி வர்றப்பல்லாம் ஒரு ஊரு. துவாக்குடி, திருவெறும்பூர்... நான் காலேஜ் பஸ்ல போன ரோடுதானே."

பெட்டி கதையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் கடலும்மா. சொல்றதுக்கு ஊரே இல்ல. அங்கதான் கத்திட்டேன்."