எல்லை தாண்டியபின் சொன்ன சாவு

நெடும்பயணம் மனதை விசாலமாக்கும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நானும் என் கணவரும் அடையாறிலிருந்து லண்டன்வரை காரில் போனோம். நேபாளம், திபெத், சீனா, கிர்கிஸ்தான், அப்புறம் மேற்கே மேற்கே. யோசனை அவருடையது, கார் என்னுடையது. வங்கியில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் என்பதால் என் பெயரில் வாங்கியிருந்தோம். அதனால் ஒவ்வோர் எல்லையிலும் சுங்க அதிகாரி முன்னால் நான் நின்றாக வேண்டும். உரிமையாளர் இல்லாமல் கார் நாட்டைவிட்டு வெளியே போகாது. மற்ற நேரமெல்லாம் அவருக்கு நான் தூங்குமூஞ்சி, மேப் பார்க்கத் தெரியாத ஜடம். எல்லையில் மட்டும் ராஜ உபசாரம்.

கிளம்பிய அன்று மயிலாப்பூரிலிருந்து அப்பா வந்து நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். "ஸ்டெப்னில காத்து பாத்தேளா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். காத்மாண்டுவிலிருந்து நான் பேசியபோதும் அங்கே டீசல் என்ன விலை என்றுதான் விசாரித்தார். என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சீனாவுக்குள் போனதும் என் ஃபோன் செத்துவிட்டது. நம் ஊர் செயலிகள் எதுவும் அங்கே வேலை செய்யாது. என் கணவர் ஃபோனில் மட்டும் ஏதோ குறுக்குவழி போட்டு வைத்திருந்தார். "ஊர்ல எல்லாரும் சௌக்கியம்" என்று தினமும் அவரே சொல்வார். தாலி கட்டினவர் சொன்னால் நம்ப மாட்டோமா? நம்பினேன்.

மேற்குச் சீனாவில் ஒரு காலை. அந்த நாட்டு விதிப்படி எங்களோடு காரில் வந்த வழிகாட்டி, அதுவரை இல்லாத கரிசனத்தோடு எனக்கு முலாம்பழம் நறுக்கித் தந்தான். நான் ஏறும்போது கதவைத் திறந்து பிடித்தான். என் கணவரும் அன்று முழுக்க என்னைத் திட்டவில்லை. எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் பழம் தின்றேன், பனிமலை முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டேன். அப்பா போய்விட்டது காரில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

மலைக்கு மேலிருந்த எல்லையில் கையெழுத்துப் போட்டேன். கார் கிர்கிஸ்தானுக்குள் இறங்கியது. முதலில் வந்த ஊரில் விடுதி பிடித்து, பெட்டிகளை உள்ளே வைத்தபிறகு அவர் சொன்னார்.

"உங்கப்பா போயிட்டார். ஹார்ட் அட்டாக். எடுத்தாச்சு, காரியமெல்லாம் நடந்துண்டிருக்கு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ கிளம்பிடுவே. கார் அங்கயே மாட்டிண்டிருக்கும். பெர்மிட் முடிஞ்சா யார் பதில் சொல்றது? பொண்ணுதானே நீ, கொள்ளியா வெக்கப்போறே? உனக்கு மூணு நாள் தீட்டுதான், அதுவும் கழிஞ்சாச்சு. தலைக்கு ஜலம் விட்டுண்டு வா, சாப்டப் போலாம்."

கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாவில் மூன்று நாள்தான் தீட்டு என்பது எங்கள் வழக்கம். என் கணவர் ஆசாரம் பார்க்கிறவர் இல்லை. கடைசியாக எப்போது சந்தியாவந்தனம் செய்தார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரு சாஸ்திரத்தை மட்டும் பிசகாமல் எண்ணி வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் ஒரு மனிதரையே மறைத்தார்.

அந்த விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "இப்போ வந்து என்ன பண்ணப்போறே அக்கா?" என்று தம்பி வைத்துவிட்டான். அம்மா பேச வரவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். லண்டன்வரை அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஊர் திரும்பியபின்னும் அம்மா முகம் கொடுக்கவில்லை. போனால் காபி வரும், பேச்சு வராது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. எங்கள் குடியிருப்பின் கூட்ட அறையில் என் கணவர் 'சாலை கற்றுத்தந்த பாடங்கள்' என்று பேச ஏற்பாடு செய்துகொண்டார். சுண்டல், காபி, திரையில் படங்கள். தம்பியும் வந்திருந்தான். பொறுமை ஒரு பாடம், பணிவு ஒரு பாடம் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், கடைசியில் என் பக்கம் கையை நீட்டினார்.

"எல்லாத்தையும்விடப் பெரிய பாடம் தியாகம். வழியில இவ அப்பா தவறிட்டார். திரும்பிடலாம்னு நான்தான் சொன்னேன். இவ கேக்கல. பயணத்தை நிறுத்தக்கூடாதுன்னுட்டா!"

கைதட்டினார்கள். அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்தேன்.

"பொய். எல்லை தாண்டறவரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்லை. கார் என் பேர்ல இருக்குங்கறதுக்காக மறைச்சார்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டார்: "சார், மலை ஏத்தத்துல வண்டி என்ன மைலேஜ் குடுத்தது?"

என் கணவர் விளக்கமாகப் பதில் சொன்னார்.

வெளியே வந்து தம்பி தன் ஃபோனை நீட்டினான். 'அவள் வரவில்லை என்கிறாள். காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.' என் கணவர் அனுப்பிய செய்தி. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யார் போனாலும் அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்து இறங்கும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். அப்பாவையும் அப்படி வைத்திருக்கிறார்கள், எனக்காக.

"நீ வருவேன்னு அம்மா பெட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தா. இந்த மெசேஜை நான்தான் படிச்சுக் காட்டினேன்" என்றான்.

அவனையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனேன். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பா படத்துக்குப் பூ வைத்தபடியே கேட்டாள்.

"மாப்பிள்ளை ஃபோன்ல விக்கி விக்கி அழுதார்டி" என்றாள் கடைசியில். "நீ வந்து இத்தனை நாளாறது. உன் கண்ணுல ஒரு சொட்டு ஜலத்த நான் பாக்கல. யாரை நம்பச் சொல்றே?"

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.