கூழுக்கு மாவு கேட்காத வீடு

ஆடி பிறந்தால் எங்கள் குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்போம். அதற்கு வீடு வீடாகக் கேழ்வரகு மாவு கேட்டு வருவார்கள். ஏழை, பணக்காரன், குடிகாரன் யாராக இருந்தாலும் சரி, ஒரு வாசலையும் தாண்டிப் போக மாட்டார்கள். தாண்டிப் போனால் அந்த வீட்டை ஊர் தள்ளி வைத்துவிட்டது என்று அர்த்தம். முன்பெல்லாம் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். இப்போது கோர்ட்டு, கேசு என்று பயம் வந்துவிட்டதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காமலே ஒரு குடும்பத்தின் கழுத்தை நெரிக்க எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அந்த வருஷம் என் அக்கா கஸ்தூரியம்மாள் முறத்தில் மாவோடு வாசலில் நின்றாள். நான் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் துணி கட்டிய மாவு அண்டா பக்கத்து வீட்டுக்கு வந்தது. அப்புறம் அக்காவைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனது. அண்டா தூக்கி வந்தவன் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். அவன் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“டேய், இங்க ஒரு வீடு கீது, கண்ணு தெரியலையாடா?” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

மேளக்காரன் இன்னும் பலமாக அடித்தான். அவ்வளவுதான் பதில். அக்கா முறத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பாதி மாவு வாசற்படியிலேயே சிந்திவிட்டது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு படிப்பு. என் அக்கா மகள் பூபதி விண்ணப்பம் போட்ட படிப்பு. பூபதி என்றால் ஆம்பளைப் பெயர் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். அக்கா புருஷன், என் மாமா துளசிங்கம், மகன்தான் பிறப்பான் என்று பெயரைத் தயார் செய்து வைத்திருந்தார். பெண் பிறந்தது. மனிதர் பெயரை மாற்றவில்லை. “எனுக்கு இதான் புள்ள” என்று சொல்லிவிட்டார். பொன்னேரியில் டிகிரி முடிக்கும்வரை அவள் தினமும் என் ஷேர் ஆட்டோவில்தான் போய் வந்தாள். பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டாண்டு. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்குமே, அதன் நிழலில்தான் சவாரிக்குக் காத்திருப்போம். அங்கே வைத்துத்தான் அவள் முதன்முதலில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற பெயரைச் சொன்னாள். சமூகப்பணிக்கு மெட்ராஸில் ஒரு பட்டமேற்படிப்பாம்.

“ஊர் வம்புக்கு ஒரு படிப்பா? அத நாங்க படிக்காமலே பண்றோமே பாப்பா” என்றேன்.

“கிண்டல் பண்ணாத மாமா. ஒருத்தருக்கு கஷ்டம்னா யாராண்ட போவணும், சட்டம் இன்னா சொல்லுது, எல்லாம் சொல்லித் தருவாங்க.”

“சம்பளம் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க. உனுக்கு புது ஆட்டோ வாங்கித் தரேன், போதுமா?”

ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டாள். கஷ்டத்தில் இருக்கும் ஒருவரோடு பழகிய அனுபவத்தை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் பெண் மாட்டிக்கொண்டாள். இட்டுக்கட்டி எழுது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். முறைத்தாள். மறுநாள் சாயங்காலம் நேராக இருசம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருசம்மாளை எங்கள் ஊர் ஆறு மாதமாகத் தள்ளி வைத்திருந்தது. அவள் புருஷன் குப்பன், ஊர்த் தலைவர் திருவேங்கடத்தின் படகில் வேலை செய்தவன். கடலுக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை விட்ட ஒரு நாளில் திருவேங்கடம் படகை அனுப்பினார். மற்ற படகெல்லாம் கரையில் கிடந்தால் மீனுக்கு என்ன விலை வரும் என்று யோசித்துப் பாருங்கள். படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். குப்பன் மறுநாள் பிணமாக ஒதுங்கினான். இருசம்மாள் ஊரில் பஞ்சாயத்து வைக்காமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் திருவேங்கடத்தின் மேல் மனு கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சு கிடையாது. அவள் மகன் மாணிக்கத்தை எந்தப் படகிலும் ஏற்றுவதில்லை.

பூபதி போனபோது இருசம்மாள் முதலில் சொன்னது ஒன்றுதான். “செருப்ப உள்ள எடுத்துகினு வாம்மா. யாராச்சும் பாத்துடப் போறாங்க.”

“பாக்கட்டும் அத்தை” என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். திமிர் பிடித்தவள், எங்கள் வம்சம் வேறு எப்படி இருக்கும்! அந்தச் செருப்பைத் தெருவே பார்த்தது. அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை போனாள், அங்கே தண்ணீர் குடித்தாள், எழுதி அனுப்பினாள். நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லித் தகவல் வந்த வாரத்தில்தான் அண்டா எங்கள் வாசலைத் தாண்டிப் போனது.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. மாமாவின் பைபர் படகுக்கு நாலு ஆள் வேண்டும். கூட வந்த மூன்று பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றார்கள், ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான், ஒருவன் கதவே திறக்கவில்லை. கடைக்காரன் இருக்கிற அரிசியை வைத்துக்கொண்டே இல்லை என்றான். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு நின்றுகொண்டு என் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். இந்த அமைதிதான் என்னைத் தின்றது.

ஒருநாள் திருவேங்கடமே வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அக்கா கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

“பூபதி, நீ மெட்ராசுக்குப் போயி படிக்கறது நம்ம ஊருக்கே பெருமை. உனுக்கு நல்லா பேச வருது. இருசம்மா நீ சொன்னா கேப்பா. அந்த மனுவ வாபஸ் வாங்கச் சொல்லு. ஞாயித்துக்கெழமை கூழு. அதுக்குள்ள முடிச்சிட்டா, உங்க வூட்டு மாவும் அண்டாவுல சேந்துடும்.”

“நான் எப்டி பெரிப்பா சொல்றது?” என்றாள் பூபதி.

“இதுவும் சேவைதானேம்மா” என்று சிரித்தார். பிறகு மாமாவைப் பார்த்து, “தனியா கடலுக்குக் கிடலுக்குப் போயிடாத துளசிங்கம். காத்து சரியில்ல” என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். என் காதில் அது மிரட்டலாகத்தான் விழுந்தது.

அவர் போனதும் மாமா மகளின் எதிரே உட்கார்ந்தார். “நைனா சொல்றேன், ஒரு வார்த்த போயி சொல்லிடும்மா. நாம பொழைக்கணும்.”

“முடியாது நைனா. நான் படிக்கலன்னாலும் பரவால்ல. அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

வியாழக்கிழமை அவளைப் பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் ஏற்றினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இன்னா பாப்பா, ஊத்திக்கிச்சா?”

“இல்ல மாமா, சீட்டு குடுத்துட்டாங்க. நான் எழுதனத படிச்சிட்டு ஒரு மேடம் கண்ணு கலங்கிட்டாங்க. அப்பறம், ‘இந்த அம்மாவுக்கு நீ என்ன செஞ்சே?’னு கேட்டாங்க.”

“இன்னா சொன்ன?”

“கேட்டுகினு இருந்தேன்னு சொன்னேன். நல்ல பதில்னு சொன்னாங்க.” ஆட்டோவில் பழவேற்காடு ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “அவங்களால எனுக்கு சீட்டு கெடச்சிது மாமா. என்னால அவங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கல.”

வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் போய், படிக்கப் போகவில்லை, இருசம்மாள் வீட்டுக்கும் இனிப் போக மாட்டேன், எங்கள் வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழுவது. இருசம்மாளின் மனு மட்டும் அப்படியே இருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேமானிகள் காலில் இவள் விழுவதா? ஆனால் வீட்டில் அரிசி இல்லை, மாமா மூன்றாவது நாளாகத் தனியாகப் படகைத் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை கோயில் பந்தலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் அங்கே இருசம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“மனுவ காலையிலேயே வாபஸ் வாங்கிட்டேன்” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். எம் புருசன் விதி முடிஞ்சி செத்தாரு, யார் மேலயும் குத்தமில்ல. தொளசிங்கண்ணன் வூட்டுல மாவு வாங்கிக்குங்க. அந்தப் பொண்ணு படிக்கப் போவட்டும்.”

“அத்தை, இன்னா பண்ணிட்டீங்க!” என்று பூபதி அலறினாள்.

இருசம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். “ஆறு மாசமா எவளும் எம் வாசல மிதிக்கல. நீ வந்து பக்கத்துல உக்காந்த. போதும் போ.”

திருவேங்கடம் எழுந்து கை கூப்பினார். ஊர் மன்னித்துவிட்டது என்றார். அபராதம் ஒன்றும் வேண்டாம் என்றார். அதோடு நிற்கவில்லை. அப்பன் இல்லாத பிள்ளையை ஊர் கைவிடாது என்று சொல்லி, மாணிக்கத்தின் தோளில் கையைப் போட்டு, குப்பன் இருந்த இடத்தைத் தன் படகில் அவனுக்கே கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இருசம்மாள் என்ன சொல்வாள்? தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் வீட்டு மாவிலும் கூழ் கொதித்தது. அடுத்த வாரம் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர். ‘சமூகப்பணி பட்டமேற்படிப்புக்குத் தேர்வு பெற்ற எங்கள் குப்பத்தின் செல்வ மகளை வாழ்த்துகிறோம்.’ பூபதியின் படம் சின்னதாக, திருவேங்கடத்தின் படம் பெரிதாக. ஹாஸ்டலுக்குப் பெட்டியோடு கிளம்பிய அன்று அவள் அதை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஐப்பசியில் வங்கக்கடலில் புயல் சின்னம் என்றார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாகிவிட்டது. யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று ஜீப்பில் மைக் வைத்துக் கத்திக்கொண்டு போனார்கள். எல்லாப் படகும் மணலில் ஏறிக் கிடந்தது. திருவேங்கடத்தின் படகு மட்டும் விடியற்காலையே போயிருந்தது.

மத்தியானம் பூபதி போன் செய்தாள். பின்னால் பெண்பிள்ளைகள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“மாமா, டிவில கூண்டு ஏத்திட்டதா சொல்றாங்க. எல்லாரும் கரையிலதானே கீறாங்க?”

சவாரிக்காக நான் சொல்லாத பொய் கிடையாது. அன்றைக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

“எல்லாரும் கீறாங்க பாப்பா. தலைவரு படகு மட்டும் இன்னும் வரல.”

“மாணிக்கம்?”

“அதுலதான் போயிகிறான்.”

சிரிப்புச் சத்தம் தூரமாகப் போனது. எழுந்து வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது. “இருசம்மா அத்தை?” என்றாள்.

“தோ, முகத்துவாரத்தாண்ட நிக்கிறா. கூப்ட்டா வர மாட்டேன்றா. ஊரே கூட நிக்குது. திருவேங்கடம்தான் அவளுக்கு கொடை புடிச்சிகினு நிக்கிறாரு.”

“போன அவங்ககிட்ட குடு மாமா.”

மழையில் நனைந்துகொண்டே போய்க் கொடுத்தேன். இருசம்மாள் போனைக் காதில் வைத்தாள். கண்ணை மட்டும் கடலிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் பூபதி அழுவது எனக்கே கேட்டது. இருசம்மாள் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“க்ளாசுக்கு நேரமாவுது பாரு, போம்மா” என்று சொல்லி போனை என்னிடம் நீட்டினாள்.