காரணத்தை எழுதித் தாங்கோ

பண்டத்தரிப்பைச் சேர்ந்த உதயகலா பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் படித்து வெளியேறிப் பதினாறு வருடமாகிறது. இதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட நடன அரங்கேற்றங்களுக்கு வாசித்துவிட்டாள். தொடக்கத்தில், பொம்பிளை வாசித்தால் சத்தம் காணாது என்றார்கள். பிறகு அந்தப் பேச்சு தேய்ந்து போயிற்று. மிருதங்கத்தின் இடந்தலையில் அப்புகிற ரவையைத் தானே குழைத்து ஒரு சின்னப் பேணியில் கொண்டுபோவாள். அந்தப் பேணியையும் மிருதங்கத்தையும் அவளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது கணவர் சிவசுப்பிரமணியத்தின் வேலை. போன ஐப்பசியில் அவர் சிறுநீரக வருத்தத்தில் காலமானார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. தை மாதம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடன வகுப்பு நடத்தும் சுவர்ணா ரீச்சர் கூப்பிட்டா. மாணவி தக்சாயினிக்கு ஆனியில் அரங்கேற்றம். சனிக்கிழமை தோறும் உதயகலா பஸ்ஸில் போய் ஒத்திகைக்கு வாசித்தாள். அழைப்பிதழிலும் அவள் பெயர் வந்தது.

அரங்கேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில், ஒத்திகை முடிந்து பிள்ளை போனபின் சுவர்ணா மெதுவாகத் தொடங்கினா.

"அக்கா, குறை நினையாதேங்கோ. தக்சாயினியின்ரை அம்மா பாலேஸ்வரி ஒரு மாதிரி யோசிக்கிறா. அண்ணை மோசம்போய் வருஷம் இன்னும் திரும்பேல்லைத்தானே."

"அஞ்சு மாசமாய் இஞ்சை வந்து வாசிக்கிறன், சுவர்ணா."

"ஒத்திகை வேறை, மேடை வேறை அக்கா. குத்துவிளக்குக்குப் பக்கத்திலை இருக்கவேணும்."

"ஆரைப் பிடிச்சிருக்கிறீர்?"

"சாவகச்சேரிப் பிரவீணனை."

உதயகலா இடந்தலையில் இருந்த ரவையைச் சுரண்டி எடுத்தாள். உறையைக் கட்டினாள். பலாலி வீதியில் பஸ் வரும்வரை நின்றாள். இந்த மேடை போனால் அடுத்ததும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தாய் "போனமுறையும் அவவை இருத்தேல்லையே" என்பா.

மறுநாள் காலை பிரவீணனே தொலைபேசி எடுத்தான். அவளுக்கு எட்டு வருடம் பின்னால் படித்தவன்.

"அக்கா, உந்தத் தில்லானாவிலை மூண்டுதரம் வாற கடைசிக் கோர்வையை ஒருக்கா வாசிச்சு அனுப்புங்கோவன். உங்களுக்குச் சுகமில்லையாம் எண்டு கேள்விப்பட்டன்."

"எனக்குச் சுகம்தான். உம்மடை மனுசிக்கு முதலாம் ஆட்டைத் திவசம் எப்ப?"

"ஆவணியிலை. ஏனக்கா?"

"இவருக்கு ஐப்பசியிலை."



"அக்கா, அவ போய் மூண்டாம் மாசம் நான் ஒரு கலியாண வரவேற்பிலை வாசிச்சனான். ஆரும் ஒண்டும் கேக்கேல்லை. நான் யோசிக்கவும் இல்லை."

"உம்மிலை பிழையில்லை. கோர்வையை அனுப்பிவிடுறன்."

அனுப்பியும் விட்டாள். அடுத்த சனிக்கிழமை வழக்கமான பஸ்ஸிலேயே திருநெல்வேலிக்குப் போனாள். பிரவீணனின் கதையை எடுக்கக் கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். தன்னோடு அவனையும் மேடையிலிருந்து இறக்கிவிட அவளுக்கு விருப்பமில்லை.

"சுவர்ணா, என்னை ஏன் மாத்திறீர் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"என்னக்கா, எங்களுக்குள்ளை கடிதமோ?"

"அழைப்பிதழிலை என்ரை பேர் இருக்கு. கேக்கிற ஆக்களுக்குக் காட்டவேணும்."

சுவர்ணா வகுப்பின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து எழுதத் தொடங்கினா. எழுதியதை வாய்க்குள் படிப்பது அவவின் பழக்கம். "தங்கள் கணவர் காலமாகி ஒரு வருடம் நிறைவடையாத காரணத்தால், தங்களுக்குப் பதிலாகத் திரு. பிரவீணன்..." பேனை அங்கே நின்றது. பிரவீணனின் மனைவியின் செத்தவீட்டுக்குச் சுவர்ணாவும் போயிருந்தா.

"அவன்ரை மனுசியும் போன வருஷம்தானே," என்றா, தாளைப் பார்த்தபடி.



சுவர்ணா தாளை நாலாய் மடித்துத் தன் கைப்பையில் வைத்தா. பிறகு அங்கேயே இருந்து பாலேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தா. "எழுத்திலை குடுக்கேலாத காரணத்தை நான் வாயாலை சொன்னது பிழை," என்றா. மற்றப் பக்கம் நீளமாய் ஏதோ சொன்னது. "அப்பிடியெண்டால் நட்டுவாங்கத்துக்கும் வேறை ஆளைப் பாருங்கோ, நான் வரேல்லை."

தொலைபேசியை வைத்தபின் உதயகலா கேட்டாள்: "என்னவாம்?"

"சனம் கதைக்குமாம்."

"கதைக்கட்டும். வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. ரவை கொண்டுவந்தனீங்களோ? பிள்ளை வெளியிலை நிக்குது."

அரங்கேற்றம் குறித்த நாளில், உதயகலாவின் வாசிப்போடு நடந்தது. பாட்டுக்காரருக்கும் வயலின்காரருக்கும் பாலேஸ்வரி தானே பொன்னாடை போர்த்தினா. உதயகலாவுக்கு மட்டும் பொன்னாடையை உறவுக்காரப் பெட்டை ஒருத்தியிடம் கொடுத்து அனுப்பினா. உதயகலா அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு சுவர்ணா பெற்றோரிடம் கையொப்பம் வாங்கும் படிவத்தில் ஒரு வரி கூடியது: ஒப்புக்கொண்ட கலைஞரை மாற்றுவதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

அரங்கேற்றத்தன்று மூன்றாம் வரிசையில் இருந்து தாளம் போட்ட பிரவீணன், சனம் கலைந்தபின் மேடையடிக்கு வந்தான்.

"தில்லானாக் கோர்வையிலை ரெண்டாந்தரம் வேகத்திலை கொஞ்சம் ஓடிட்டியள் அக்கா."

"ஓம்," என்றாள் உதயகலா. "எனக்கும் தெரிஞ்சது."