ஊசி போட்ட பின் கேட்ட கேள்வி

சென்ற பெப்ரவரியில், சட்டன் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது இது. அங்கே புதிதாகக் குடிவந்திருந்த மெக்சிகோ நாட்டுப் பெண்மணி, தங்கள் ஊர்த் திருநாள் என்று என்னையும் மனைவியையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்.

நான் நீரிழிவுக்காரன். உணவிலுள்ள மாச்சத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொண்டுதான் கை நனைப்பேன். போதாததற்குப் பிறவிச் சைவம். ஆகவே போகும் இடமெல்லாம் என் விசாரணை நீளும்.

சோள மடலில் பொதிந்து ஆவியில் அவித்த 'தமாலே' மேசைக்கு வந்தது. மடலைப் பிரித்தால், நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே என்ன என்று கேட்டேன். கறுப்பு பீன்ஸும் சீஸும் என்றார். மா? சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, தோல் நீக்கி அரைத்ததாம். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள ஒரு விட்டமின் உடம்பில் சேருமாம்.

"வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்போ? வாய் வேகாதோ?" என்று மனைவி என் காதைக் கடித்தாள்.

எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. இரண்டு சாப்பிடுவதாகக் கணக்கிட்டு ஊசியைப் போட்டேன். கணக்கு முழுமையாக வேண்டுமே என்று, கொழுப்பு எவ்வளவு என்றும் விசாரித்தேன்.

"தாராளமாக! பன்றிக் கொழுப்பை நுரைக்க அடித்துச் சேர்த்தால்தான் மா பஞ்சு போல வரும்" என்றார் பெருமையாக.

கொழுக்கட்டை மாவுக்குள் பன்றி இருக்கும் என்று எந்தச் சைவனுக்குத் தோன்றும்?

"ஐயோ, ஊசியும் போட்டாச்சு! இனிச் சாப்பிடாட்டி சீனி இறங்கி விழப்போறீங்கள்" என்று மனைவி பதறினாள்.

"பண்டியைத் தின்னுறதோ, மயங்கி விழுறதோ, நீரே சொல்லும்!" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

மனைவி ஆங்கிலத்தில் விளக்கியதும், அந்தப் பெண்மணி முதலில் ஒரு கிளாஸ் தோடம்பழச் சாற்றை என் கையில் திணித்தார். பிறகு, கொழுப்புச் சேர்க்காமல் மிஞ்சியிருந்த மாவைப் பாலில் கரைத்து, சீனியும் கறுவாப்பட்டையும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினார். அதுவும் அவர்கள் ஊரில் வழக்கமாகக் குடிப்பதுதானாம். "இதில் மாச்சத்து எத்தனை கிராம்..." என்று நான் தொடங்க, "முதலில் குடியுங்கள், பிறகு எண்ணுங்கள்!" என்று அதட்டினார். கோப்பையைக் காலி செய்த பிறகுதான் எண்ணினேன்.

முதல்நாளே தொடங்கிப் பாடுபட்டுச் செய்த பண்டம் என் தட்டில் தொடாமல் ஆறிக்கிடந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் வீட்டு விருந்தை ஒருவர் இப்படி ஒதுக்கினால், முகம் கோணாமல் நான் மறுபடி அடுப்பை மூட்டுவேனா என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.